கோள்களின் தூரமும் காலமும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியம் பற்றியோ நன்னூல் பற்றியோ எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவை பற்றி எழுதுதற்கு என்னினும் வல்லார் இக்கல்லூரியின் பழைய மாணவரிடையே பலர் உளர். யான் எழுதப் புகுவது ஒரு கணக்கு. கணிதம் என் துறையன்று. எனினும், ஒரு மாணவனுக்கு யான் கொடுத்திருக்கவேண்டிய விடையொன்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக என்னிடம் நிலுவையாய்க் கிடக்கின்றது. அதனை இம்மலர்வழியே கொடுத்துவிடலாமென எண்ணுகின்றேன்.

கலாசாலையிற் பயிற்சி முடித்து, பயிற்றப்பட்ட ஆசிரியனாக யான் முதன்முதற் சென்ற பாடசாலை மிகச் சிறியது. ஆசிரியர் தொகை குறைவாயிருந்தமையால் தமிழோடு விஞ்ஞானமும் என் பொறுப்பில் வந்தது. ஒருநாள் ஆறாம் வகுப்பிற் சூரிய குடும்பத்தைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்பொழுது ஒரு மாணவன் எழுந்தான். குரு ஓர் இராசியில் ஓராண்டும் சனி ஓர் இராசியில் இரண்டரை ஆண்டும் தங்குவதாகத் தன் பாட்டனார் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதுண்டு என்றும், சனி ஏன் அவ்வளவு மெதுவாகச் செல்கின்றது என்றும் கேட்டான். “சனி மிகத் தூரத்திலே உள்ளது, ஆகையால் அது சுற்றவேண்டிய வழி நெடியது, நெடுவழி நடப்பவன் நெடுநேரம் எடுப்பானன்றோ?” என்றேன். வகுப்பு முழுவதும் தலையசைத்தது. எனக்கும் மகிழ்ச்சியாயிருந்தது.

மறுநாட் காலை அம்மாணவன் கொப்பியோடு என் மேசையருகே வந்து நின்றான். பாடநூலிலிருந்த தூர அட்டவணையை வைத்துக்கொண்டு வீட்டிற் கணக்குச் செய்திருக்கின்றான். “ஐயா, வியாழன்ரை தூரம் பூமியைப்போலை ஐஞ்சு மடங்குதானே. வழி நீளமெண்டால் ஐஞ்சு வருஷத்திலை சுத்தி முடிக்கவேணுமே. ஏன் பன்னிரண்டு வருஷம் எடுக்குது?” என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்று சொல்லியிருக்கலாம், நாளை பார்த்துச் சொல்கின்றேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் சொல்லாது, “அட்டவணையிலுள்ளவை அண்ணளவான எண்கள். இவையெல்லாம் மேல்வகுப்பிற் படிப்பாய். போய் இரு” என்றேன். போய் இருந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. உயர்வகுப்புக்கு அவன் நம் கல்லூரியிலே சேர்ந்தானெனப் பின்னர் அறிந்தேன். ஆகவே அவனும் ஒரு பழைய மாணவன். வளர்ந்துவிட்ட ஒருவரை ‘அவன்’ என எழுதுதல் முறையன்றாயினும், கொப்பியோடு நின்ற அவ்வுருவமே என் கண்ணில் நிற்கின்றது. எந்நாட்டில் இருப்பினும் இம்மலர் அவன் கைக்கு எட்டுமென நம்பி, விடையைத் தொடக்கத்திலிருந்து கூறுகின்றேன்.

முதலில் அளவுகளை வகுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள சராசரித் தூரம் ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர். இப்பேரெண்ணைச் சுமந்துகொண்டு கணக்குச் செய்தல் வீண் வருத்தம். ஆதலின் அத்தூரத்தை 1 எனக் கொள்வோம். வானியலார் இதனை வானியல் அலகு என்பர். அவ்வாறே பூமி ஞாயிற்றை ஒருமுறை சுற்றும் காலத்தையும் 1 ஆண்டு எனக் கொள்வோம். இவ்வளவுகளின்படி வியாழனின் தூரம் 5.203, சனியின் தூரம் 9.537, புதனின் தூரம் 0.387.

இனி யான் சொன்ன விடையைச் சோதிப்போம். கோள்கள் யாவும் ஒரே வேகத்திற் செல்வனவாயின், வழி எத்தனை மடங்கோ காலமும் அத்தனை மடங்கு. வியாழன் 5.2 ஆண்டிற் சுற்றிவரவேண்டும், உண்மையில் 11.86 ஆண்டு எடுக்கின்றது. சனி 9.5 ஆண்டிற் சுற்றிவரவேண்டும். எடுப்பதோ 29½ ஆண்டு. உள்ளே இருக்கும் புதனைப் பார்த்தால் பிழை எதிர்ப்புறமாக விழுகின்றது. அது 141 நாள் எடுக்கவேண்டும். ஆனால் 88 நாளிலே முடித்துவிடுகின்றது. அண்ணளவான எண்களால் விளையும் பிழை இவ்வாறு ஒழுங்காக வாராது. தூரத்துக் கோள்கள் யாவும் பிந்துகின்றன. அண்மைக் கோள்கள் யாவும் முந்துகின்றன. கோள்களின் வேகம் ஒன்றன்று. தொலைவிலுள்ளவை மெய்யாகவே மெதுவாகச் செல்கின்றன. மாணவனின் கொப்பி கண்டுபிடித்தது இதனையே.

என் விடைக்குப் பழைமையான துணையொன்று உண்டென்பதைப் பின்னாளிற் படித்தறிந்தேன். கி.பி. 499இல் எழுந்த ஆரியபடீயமும், சூரிய சித்தாந்தமும் கோள்கள் யாவும் நாளொன்றுக்கு ஒரே அளவான யோசனைத் தூரம் செல்கின்றன என்றே கொண்டன. அக்கொள்கையின்படி சூரிய சித்தாந்தம் சந்திரனின் சுற்றுவழியை 3,24,000 யோசனை எனவும், சூரியனின் சுற்றுவழியை 43,31,500 யோசனை எனவும் கூறும். பின்னதை முன்னதால் வகுத்தால் 13.37 வரும். சந்திரன் ஒரு சுற்றுக்கு 27.3 நாளும் சூரியன் 365¼ நாளும் எடுத்தலால் வந்த எண் அது. உண்மையில் ஞாயிறு திங்களைப்போல் ஏறக்குறைய 390 மடங்கு தொலைவிலுள்ளது. இதனாற் சித்தாந்தக் கணிதம் பயனற்றதென்று எவரும் எண்ணவேண்டா. வானில் ஒரு கோள் எத்திசையில் எத்தனை பாகையிலே தோன்றுமென்று கணிப்பதற்குத் தூரம் வேண்டுவதில்லை, கோணமே வேண்டும். கோணத்தை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆகையாற்றான் தூரத்திலிருந்த பிழை பஞ்சாங்கத்தைப் பாதிக்கவில்லை; பாதிக்காமையால் அப்பிழை நெடுங்காலம் வெளிப்படவும் இல்லை.

தூரங்களை எவர் எவ்வாறு அளந்தனர் என்று அம்மாணவன் அடுத்ததாகக் கேட்டிருப்பான். வெள்ளியைக் கொண்டு காட்டுவேன். மாலையிலோ விடியலிலோ தோன்றும் வெள்ளி, ஞாயிற்றினின்றும் ஓரெல்லைக்கு அப்பால் விலகுவதில்லை. அவ்வெல்லை ஏறக்குறைய 46 பாகை. தாளில் 10 சதமமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, ஒரு முனையை ஞாயிறெனவும் மறுமுனையைப் பூமியெனவும் குறித்துக்கொள்க. பூமியிடத்தே பாகைமானியை வைத்து 46 பாகையில் ஒரு கோடு நீட்டுக. வெள்ளி மிக விலகித் தோன்றும்பொழுது நம் பார்வைக்கோடு அதன் வட்டத்தைத் தொட்டுச் செல்லும். ஆதலின் ஞாயிற்றிலிருந்து அக்கோட்டுக்கு வரையும் செங்குத்தே வெள்ளியின் தூரம். அளந்தால் 7.2 சதமமீற்றர் வரும். பூமியின் தூரம் 1 ஆயின் வெள்ளியின் தூரம் 0.72. ஞாயிற்றை நடுவில் வைத்த கொப்பர்னிக்கசு 1543இல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய முறைகளாற் கோள்களின் தூர விகிதங்களைக் கண்டிருந்தார். கிலோமீற்றர்க் கணக்கு மிகப் பிந்தியே வந்தது. ஆனால் நம் பாடத்துக்கு விகிதமே போதும்.

தொலைவிலுள்ள கோள் மெதுவாகச் செல்கின்றதெனின், எவ்வளவு மெதுவாக? எளிதாகத் தோன்றும் ஊகம் ஒன்றுண்டு. தூரம் இரட்டித்தால் வேகம் பாதியாகின்றது, தூரம் மும்மடங்கானால் வேகம் மூன்றிலொன்றாகின்றது எனக் கொள்வோம். வழியும் நீளும், வேகமும் அதே அளவிற் குறையும். ஆகவே காலம் தூரத்தின் வர்க்கமாகும். இதன்படி வியாழன் 27 ஆண்டும் சனி 91 ஆண்டும் எடுக்கவேண்டும். புதன் 55 நாளில் முடிக்கவேண்டும். இதுவும் பொருந்தவில்லை. ஆனால் முதல் ஊகம் ஒருபுறம் தவறியது போல இவ்வூகம் மறுபுறம் தவறுகின்றது. வியாழனுக்கு 5.2 என்பது குறைவு, 27 என்பது மிகை, உண்மை 11.86. சனிக்கு 9.5 குறைவு, 91 மிகை, உண்மை 29½. புதனுக்கு 141 மிகை, 55 குறைவு, உண்மை 88. விடை இரண்டுக்கும் இடையிலே நிற்கின்றது.

இடையில் எவ்விடத்தில்? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வியாழனுக்கு 16 வருகின்றது; பிழை. கூட்டாது பெருக்கிப் பார்ப்போம். 5.203ஐ 27.07ஆற் பெருக்கி வர்க்கமூலங் கண்டால் 11.87. சனிக்கு 9.537ஐ 90.95ஆற் பெருக்கி வர்க்கமூலங் கண்டால் 29.45. புதனுக்கு 141.4ஐ 54.7ஆற் பெருக்கி வர்க்கமூலங் கண்டால் 88. கணித ஆசிரியர் இதனைப் பெருக்கலிடை என்பர். யான் இதனை முதன்முறை தாளிற் செய்து பார்த்தபொழுது இரவு பத்து மணிக்கு மேலாகியிருந்தது. மூன்றாவது எண்ணும் பொருந்தியதும் எழுந்து முற்றத்துக்குச் சென்று வானத்தைப் பார்த்தேன். முகில் மூடியிருந்தது. அது வேறு கதை.

இப்பொழுது விதி தானே வெளிப்படுகின்றது. முதல் ஊகம் தூரம். இரண்டாவது ஊகம் தூரத்தின் வர்க்கம். இவ்விரண்டின் பெருக்கமே காலத்தின் வர்க்கம். தூரத்தைத் தூரத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் வருவது தூரத்தின் கனமன்றோ? ஆகவே காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்குச் சமன். மற்றைக் கோள்களையும் வைத்துப் பார்க்க:

புதன்: தூரம் 0.387, காலம் 0.241, கனம் 0.058, வர்க்கம் 0.058.
வெள்ளி: தூரம் 0.723, காலம் 0.615, கனம் 0.378, வர்க்கம் 0.378.
செவ்வாய்: தூரம் 1.524, காலம் 1.881, கனம் 3.540, வர்க்கம் 3.538.
வியாழன்: தூரம் 5.203, காலம் 11.862, கனம் 140.85, வர்க்கம் 140.71.
சனி: தூரம் 9.537, காலம் 29.45, கனம் 867.4, வர்க்கம் 867.3.

மடக்கை வாய்பாட்டோடு பழகிய பழைய மாணவர் இதனை இன்னும் விரைவிற் செய்வர். 5.203இன் மடக்கை 0.7163; அதனை ஒன்றரையாற் பெருக்கினால் 1.0744, அதற்குரிய எண் 11.87.

‘ஒன்றரை’ என்னும் அச்சொல்லில் சிறிது நிற்போம். இவ்விதியைக் கண்டவர் யோகானசு கெப்ளர். அவர் அதனை வர்க்கம், கனம் என்ற சொற்களாற் கூறவில்லை. காலங்களின் விகிதம் தூரங்களின் விகிதத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்றே இலத்தீனிற் கூறினார். தமிழில் அதற்கு ஒரு சொல்லே போதும். தூரத்தை ஒருமுறை எடுத்து, அதனை அதன் வர்க்கமூலத்தாற் பெருக்குதலே அவ்வொன்றரை. ‘ஒன்று’ என்பது வழி நீண்டமையால் வருவது. ‘அரை’ என்பது வேகம் குறைந்தமையால் வருவது. நாலு மடங்கு தூரத்தில் ஒரு கோளை வைத்துப் பார்க்க. வழி நாலு மடங்கு. வேகம் நாலின் வர்க்கமூலமாகிய இரண்டாற் குறைந்து பாதி. ஆகவே காலம் எட்டு. ஒன்பது மடங்கு தூரத்தில் வழி ஒன்பது, வேகம் மூன்றிலொன்று, காலம் இருபத்தேழு. பூமி செக்கனுக்கு ஏறக்குறைய 29.8 கிலோமீற்றர் செல்ல, வியாழன் 13 கிலோமீற்றரும் சனி 9.7 கிலோமீற்றரும் செல்கின்றன. யான் அன்று வகுப்பிற் கூறியது அந்த ஒன்று மாத்திரம், அரையை விட்டுவிட்டேன்.

கெப்ளரும் ஓர் ஆசிரியரே. 1571இல் ஜேர்மனியிற் பிறந்த அவர், ஒஸ்திரியாவிலுள்ள கிராஸ் நகரப் பாடசாலையிற் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தபொழுது, 1596இல் வெளியிட்ட தம் முதல் நூலிலேயே நம் மாணவனின் கேள்வியைக் கேட்டுவிட்டார். வழி நீள்வதால் மாத்திரம் இவ்வளவு காலதாமதம் வாராது என்பதைக் கண்டு, ஞாயிற்றிலிருந்து கோள்களை நடத்தும் ஓர் ஆற்றல் வெளிப்படுகின்றது, அது தொலைவு செல்லச்செல்ல மெலிகின்றது என்று கொண்டார். காரணம் இரண்டென்று அறிந்துவிட்டார். ஆனால் அவ்விரண்டையும் இணைக்கும் முறையில் அப்பொழுது அவர் எடுத்தது கூட்டலிடை. சில கோள்களுக்குக் கணக்கு ஏறக்குறைய ஒத்தது, சிலவற்றுக்கு ஒவ்வவில்லை. கூட்டலிடையை விட்டுச் சரியான இணைப்புக்கு வர அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அதனை நாம் மேலே இரண்டு பந்திகளிற் கடந்துவிட்டோம். விடை தெரிந்தபின் கணக்கு எப்பொழுதும் எளிது.

அவ்விருபத்திரண்டு ஆண்டுகளும் வீணே கழிந்தவையல்ல. 1600இல் அவர் ரைக்கோ பிராகேயிடம் சென்றார். தொலைகாட்டி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணாற் கோள்களின் நிலைகளை அதுவரை எவரும் அளவாத நுட்பத்தோடு அளந்து குறித்து வைத்தவர் ரைக்கோ. மறுவருடமே அவர் இறந்தார். குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாயின் வழியை வட்டமெனக் கொண்டு பலகாலும் கணித்தும், கணக்குக்கும் ரைக்கோவின் அளவைக்கும் இடையே எட்டுக் கலை வேறுபாடு எஞ்சியது. எட்டுக் கலை என்பது முழுமதியின் அகலத்தில் ஏறக்குறைய நாலிலொன்று. அண்ணளவு என்று அதனைத் தள்ளிவிட எவருக்கும் மனம் வரும். கெப்ளர் தள்ளவில்லை. ரைக்கோவின் அளவை அவ்வளவு பிழைக்காது என நம்பி, வட்டத்தைத் தள்ளினார். கோள்கள் நீள்வளையத்திற் செல்கின்றன, ஞாயிறு அதன் குவியமொன்றில் உள்ளது என 1609இல் வெளியிட்டார். (நம் பாடநூல்களில் நீள்வளையம், ஒழுக்கு என வருவனவற்றைத் தமிழகத்து நூல்கள் நீள்வட்டம், சுற்றுப்பாதை என்னும். இரண்டையும் அறிந்திருத்தல் மாணவர்க்கு நன்று.) இவ்வாறு திருத்தமான சராசரித் தூரங்கள் கிடைத்த பின்னரே மூன்றாம் விதியைத் தேடுதல் இயல்வதாயிற்று.

1618ஆம் ஆண்டு அவருக்கு நல்லாண்டன்று. கைக்குழந்தையாயிருந்த மகளொருத்தி அவ்வாண்டின் தொடக்கத்தில் இறந்தாள். முதிய தாயார்மீது சூனியக்காரி என்னும் குற்றச்சாட்டு ஏற்கனவே எழுந்து வளர்ந்துகொண்டிருந்தது. அவர் விடுதலை பெற்றது 1621இலேயே. அந்நிலையில் லின்ஸ் நகரிலிருந்த கெப்ளருக்கு மார்ச்சு 8ஆம் நாள் அவ்வொன்றரை விகிதம் மனத்திலே தோன்றியது. கணித்துப் பார்த்தார், கணக்கில் ஒரு தவறு நேர்ந்தமையால் விகிதம் பொய்யென்று தள்ளிவிட்டார். மே மாதம் 15ஆம் நாள் மீண்டும் எடுத்துக் கணித்தபொழுது ரைக்கோவின் அளவைகளோடு அது முற்றும் பொருந்தியது. கனவு காண்கின்றேனோ என முதலில் ஐயுற்றதாக அவரே எழுதியுள்ளார். பொருந்திய நாளை மாத்திரமன்றி, தாம் தவறிய நாளையும் அவர் தம் நூலிற் குறித்து அச்சிட்டார். அதற்குப் பின் எட்டாம் நாள் பிராக் நகரிற் கலகம் மூண்டு முப்பதாண்டுப் போர் தொடங்கிற்று. நூல் 1619இல் வெளிவந்தது.

கெப்ளர் விதியைக் கண்டார். அந்த ‘அரை’ எதனால் வருகின்றதென்பதை நியூற்றனே விளக்கினார். கயிற்றிற் கல்லைக் கட்டிச் சுழற்றுவோன் அறிவான், வேகமாகச் சுழற்றினாற் கையை வலிதாக இழுக்கும். வட்டத்திற் செல்லும் பொருளை விலகாது பிடித்துவைக்க வேண்டிய விசை, வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுத்ததற்கு நேர்விகிதசமமானது. கோள்களுக்குக் கயிறு ஞாயிற்றின் ஈர்ப்பு. அது தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவது. இவ்விரண்டும் சமமாதல் வேண்டும். இருபுறத்தையும் ஒருமுறை தூரத்தாற் பெருக்கினால், வேகத்தின் வர்க்கம் தூரத்துக்கு நேர்மாறு என முடியும். தூரம் நாலானால் வேகம் பாதி. அரை வந்த வழி அது. உண்மையில் நியூற்றன் இவ்வழியை எதிர்த்திசையில் நடந்தார். கெப்ளரின் விதியைப் பிடித்துக்கொண்டே ஈர்ப்பு இவ்வாறு குறையவேண்டுமென உணர்ந்தார். 1687இல் வெளிவந்த அவர் நூலில் இவை யாவும் நிறுவப்பட்டன. மேலே கொடுத்த அட்டவணையில் வியாழனின் ஈரெண்களும் ஆயிரத்தில் ஒன்றளவு வேறுபடுதலைக் கூர்ந்து நோக்கியவர் கண்டிருப்பர். வியாழனும் ஞாயிற்றைத் தன்பால் இழுக்கின்றது; ஞாயிற்றின் திணிவு வியாழனின் திணிவைப்போல் ஏறக்குறைய 1047 மடங்கு; வேறுபாடு அங்கிருந்து வருகின்றது. அண்ணளவு என்று யான் சொல்லத் துணிந்த இடத்திலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கின்றது.

இவ்விதியைக் கையாளும்போது இரண்டிடங்களில் மாணவர் தவறுவர். ஒன்று, தூரம் என்பது இன்றுள்ள தூரமன்று. நீள்வளையத்தின் நெட்டச்சிற் பாதி. புதன் ஞாயிற்றுக்கு 0.31 வரை நெருங்கி 0.47 வரை விலகும். விதிக்கு வேண்டுவது இரண்டற்கும் நடுவான 0.39. ஹேலியின் வால்வெள்ளியில் இவ்வேறுபாடு பெரிது. அது ஏறக்குறைய 76 ஆண்டுக்கொருமுறை வருவது. 1986இல் வந்தது, 2061இல் வரும். 76இன் வர்க்கம் 5776. அதன் கனமூலம் ஏறக்குறைய 18. ஆகவே நெட்டச்சு முழுவதும் 36 அலகு. ஞாயிற்றை அது 0.6 அலகு வரை நெருங்குவதால், மறுமுனையில் 35 அலகுக்கு, நெப்தியூனின் தூரமாகிய 30ஐயும் தாண்டிச் செல்லவேண்டும். எவரும் கூடச் சென்று பார்க்காமலே இது தெரிகின்றது.

மற்றது, ஒரே நடுப்பொருளைச் சுற்றுவனவற்றையே ஒன்றோடொன்று ஒப்பிடலாம். திங்களின் தூரம் 3,84,400 கிலோமீற்றர். அதனை ஞாயிற்றுக் கணக்கில் இட்டால், திங்கள் பூமியை ஒரு மணியும் எட்டு நிமிடமும் கொண்டு சுற்றுமென்று விடை வரும்! திங்கள் எடுப்பதோ 27.3 நாள், அஃது ஏறக்குறைய 577 மடங்கு. இங்கே விதி பொய்க்கவில்லை. நடுவிலிருந்து இழுப்பது மாறிவிட்டது. 577ஐ வர்க்கித்தால் ஏறக்குறைய 3,33,000. ஞாயிறு பூமியைப்போல் அத்தனை மடங்கு திணிவுடையது. தராசில் வைக்கவியலாத ஞாயிற்றைத் தூரமும் காலமும் கொண்டு நிறுத்தாயிற்று. ஆனால் திங்களையும் பூமியைச் சுற்றும் வேறொரு பொருளையும் ஒப்பிட்டாற் கணக்கு நேரே வரும். டிஷ் அன்ரெனா பொருத்திய வீடுகளில் அதனை ஒருமுறை திருப்பி இறுக்கியபின் அசைப்பதில்லை; அது நோக்கும் செய்மதி பூமியோடு ஒத்து நாளுக்கொருமுறை சுற்றுவதே காரணம். திங்களின் காலம் அதன் காலத்தைப்போல் 27 மடங்குக்குச் சிறிது மேல். 27இன் வர்க்கம் 729. அதன் கனமூலம் 9. ஆகவே திங்களின் தூரத்தில் ஒன்பதிலொன்று, பூமியின் நடுவிலிருந்து 42,000 கிலோமீற்றருக்குச் சிறிது மேலான உயரத்திலேயே அச்செய்மதி நிற்றல் வேண்டும். கீழே வைத்தால் முந்தும். மேலே வைத்தாற் பிந்தும். வேறிடமில்லை.

வேறு ஞாயிறுகளைச் சுற்றும் கோள்களுக்கும் இதுவே கணக்கு. 1995இற் பெகாசசு 51 என்னும் உடுவை ஒரு கோள் ஏறக்குறைய 4.2 நாளிற் சுற்றுகின்றதெனக் கண்டபொழுது, அது தன் உடுவிலிருந்து நம் தூரத்தில் இருபதிலொன்றிலே உள்ளதென உடனே கூறமுடிந்தது. 2009 முதல் 2018 வரை இத்தகைய கோள்களை ஆயிரக்கணக்கிற் கண்ட விண்தொலைகாட்டிக்குக் கெப்ளரின் பெயரையே இட்டிருந்தனர்.

எனக்கு மிக விருப்பமான கணக்கு பாட்டனாரின் பஞ்சாங்கத்திலுள்ளது. குரு இராசிக்கு ஓராண்டு. பன்னிரண்டு இராசிக்கும் 12 ஆண்டு. சனி இராசிக்கு இரண்டரை, பன்னிரண்டுக்கும் 30. (அறுபதாண்டு வட்டத்தில் வியாழன் ஏறக்குறைய ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிப்பது இதனாலே.) 12இன் வர்க்கம் 144, கனமூலம் 5.24. 30இன் வர்க்கம் 900, கனமூலம் 9.65. வியாழனின் உண்மைத் தூரம் 5.20, சனியினது 9.54. நூற்றுக்கு ஒன்றிரண்டு வேறுபாட்டோடு இரு கோள்களின் தூரங்களும் வீட்டுச் சுவரிலே தொங்கிய அப்பஞ்சாங்கத்துள் இருந்திருக்கின்றன. என் மாணவன் ஒருகையிற் பாட்டனாரின் காலக்கணக்கையும் மறுகையிற் பாடநூலின் தூரக்கணக்கையும் வைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தான். வேண்டியவை யாவும் அவனிடம் இருந்தன. நாலு வர்க்கமும் நாலு கனமும் எழுதிப் பார்ப்போமென்று யான் சொல்லியிருந்தால் ஒரு பாடவேளைக்குள் நாங்கள் இருவரும் அங்கே சென்றிருக்கலாம்.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு விடை: வழி ஐந்து மடங்கிலும் சிறிது கூட, வேகம் பாதியிலும் சிறிது குறைய, அதனாற் பன்னிரண்டு. உன் கணக்கிற் பிழையிருக்கவில்லை. பிழை என் விடையில் இருந்தது.

இனிப் பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி. 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீரிசு என்னும் சிறுகோள் காணப்பட்டது. அது ஞாயிற்றைச் சுற்ற ஏறக்குறைய 4.6 ஆண்டு எடுக்கின்றது. அதன் தூரம் என்ன? 4.6ஐ வர்க்கித்து, இரண்டின் கனமாகிய 8க்கும் மூன்றின் கனமாகிய 27க்கும் இடையே தேடுக. விடையை இங்கே எழுதவில்லை. விரும்புவோர் செய்து அனுப்பலாம். கொப்பியோடு நேரில் வரினும் நன்று.